செல்ஃப் அடித்தால் ‘டக்’ சத்தம் மட்டும்: மோட்டாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். பாலக்கோட்டிலிருந்து தினமும் தர்மபுரி போய்வரும் 150 சிசி வண்டி, 2016 மாடல், கார்புரேட்டர், கிக்கர் உண்டு. கொஞ்ச நாளாகக் காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. நாலைந்து முறை அழுத்தினால் எப்படியோ ஒரு முறை சுற்றிவிடுகிறது. என்ஜின் சூடான பிறகு பெரும்பாலும் தொல்லை இல்லை. பேட்டரி புதிதாக மாற்றியும் அப்படியே இருக்கிறது. மெக்கானிக் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா, கான்டாக்ட்களைச் சுத்தம் செய்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: காசு போடுவதற்கு முன்னால் கோளாறு எந்த இடத்தில் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மோட்டாரை இப்போது மாற்றாதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிக்கு மோட்டார் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் ரிலேவின் (சின்ன கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் மின் சுவிட்ச்) உள் கான்டாக்ட், எர்த் ஒயர், பேட்டரி டெர்மினல் மூன்றும் இதே சத்தத்தைத்தான் கொடுக்கும். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் அரை மணி நேரத்தில் இவற்றைப் பிரித்துவிடலாம்.

செல்ஃபுக்கு இரண்டு தனித்தனி லைன்கள் இருக்கின்றன. ஒன்று சின்ன லைன்: சாவி சுவிட்ச், கில் சுவிட்ச், செல்ஃப் பட்டன், கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், கடைசியில் ரிலேவின் காயில். இதில் ஓடுவது மூன்று நான்கு ஆம்பியர்தான். இன்னொன்று பெரிய லைன்: பேட்டரி பாசிட்டிவ், தடித்த ஒயர், ரிலேவின் இரண்டு பெரிய போல்ட், மறுபடி தடித்த ஒயர், மோட்டார், என்ஜின் உடல், எர்த் ஒயர், பேட்டரி நெகட்டிவ். உங்கள் அளவு வண்டியில் என்ஜினைச் சுற்றும்போது இந்தப் பெரிய லைனில் ஏறக்குறைய 40 முதல் 80 ஆம்பியர் வரை ஓடும். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த நொடியில் இன்னும் அதிகம். ‘டக்’ என்று கேட்கிறது என்றாலே சின்ன லைன் வேலை செய்து ரிலே இழுத்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே ஹேண்டில்பார் சுவிட்சையும் கிளட்ச் சுவிட்சையும் இப்போதைக்குச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பெரிய லைனைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ரிலேவின் உள்ளே இருக்கும் செம்புத் தட்டு கருகி, அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 60 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 0.1 ஓம் என்றால் 6 வோல்ட் அங்கேயே போய்விடும். பாதி வோல்ட்டேஜில் மோட்டார் என்ஜினைத் திருப்பாது. அதே இடத்தில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால்? 21 வாட் பல்பு இழுப்பது 1.75 ஆம்பியர், இழப்பு 0.2 வோல்ட் கூட வராது, பல்பு ஜம்மென்று எரியும். ‘லைன் வருது, அப்புறம் மோட்டார்தான் போயிருக்கு’ என்ற முடிவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. மல்டிமீட்டரின் ஓம் அளவையும் இங்கே நம்ப முடியாது, ஏனென்றால் சாதாரண மீட்டரின் இரண்டு ஒயர்களுக்கே 0.2 ஓம், அதற்கு மேலும் தடை இருக்கும். லோடு ஓடும்போது வோல்ட்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்ப்பது ஒன்றே சரியான வழி.

சத்தத்தை வைத்து ஓரளவு பிரிக்கலாம். ‘டகடகடக’ என்று வேகமாகத் தொடர்ந்து அடித்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது பேட்டரி டெர்மினல் லூஸ்: ரிலே இழுத்ததும் வோல்ட்டேஜ் விழுகிறது, ரிலே விடுகிறது, வோல்ட்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், செல்ஃப் பட்டன், ரிலே காயில் என்று சின்ன லைனில் தேட வேண்டும். மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றுகிறது, என்ஜின் சுற்றவில்லை என்றால் மோட்டாரின் சுழற்சியை என்ஜினுக்குக் கடத்தும் ஒன் வே கிளட்ச் தேய்ந்திருக்கிறது. அது மின்சாரக் கோளாறே இல்லை, மேக்னட் பக்கம் திறக்க வேண்டிய வேலை. உங்களுடையது ஒற்றை ‘டக்’. அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டு பிரேக் லைட்டைக் கவனியுங்கள். (ஹெட்லைட்டை வைத்துப் பார்க்க வேண்டாம். உங்கள் காலத்து வண்டிகள் பலவற்றில் என்ஜின் ஓடினால்தான் ஹெட்லைட்டே எரியும்.) பட்டனை அழுத்தும்போது பிரேக் லைட் அப்படியே பளிச்சென்று இருந்தால், பெரிய லைனில் கரண்ட் ஓடவே இல்லை: ரிலே கான்டாக்ட், மோட்டார் ஒயர், என்ஜின் எர்த், மோட்டாருக்குள் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் இவற்றில் ஒன்று. லைட் செத்துப்போனால் பேட்டரி, பேட்டரி டெர்மினல், அல்லது இறுகிப்போன மோட்டார். இது தோராயமான பிரிவினைதான், இதை மட்டும் நம்பிப் பொருள் வாங்க வேண்டாம்.

இப்போது மீட்டர். இந்தச் சோதனையைக் கோளாறு வரும் நேரத்தில்தான் செய்ய வேண்டும், அதாவது காலையில், முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன். சூடான வண்டியில் அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். கியர் நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில். தவறி என்ஜின் கிளம்பிவிடாமல் இருக்க, பிளக் கேப்பைக் கழற்றி அதில் உபரி பிளக் ஒன்றைச் செருகி, அதன் உலோக உடல் என்ஜினைத் தொடும்படி வையுங்கள். இரண்டு பிளக் உள்ள என்ஜின் என்றால் இரண்டுக்கும் அப்படியே. கேப்பைச் சும்மா தொங்கவிட்டுச் செல்ஃப் அடித்தால் இக்னிஷன் காயிலுக்கும் சிடிஐக்கும் (பிளக்கின் தீப்பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) நல்லதில்லை. பெட்ரோல் கசிவு இருந்தால் இதையெல்லாம் தொடவே தொடாதீர்கள், முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பட்டனை மூன்று முதல் ஐந்து நொடிதான் அழுத்த வேண்டும், பிறகு அரை நிமிடம் விட வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு ஈயக் காதுகளிலும் நேரடியாக வைத்துப் பாருங்கள், போல்ட்டின் மேல் வைக்க வேண்டாம். இரவு முழுக்கச் சும்மா இருந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நன்றாக சார்ஜ் ஆகியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள், இல்லாவிட்டால் மேற்கொண்டு எடுக்கும் எந்த அளவுக்கும் அர்த்தம் இருக்காது. அடுத்து மீட்டரை அதே இடத்தில் வைத்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். ‘டக்’ மட்டும் கேட்டு, மீட்டர் 12.6-லிருந்து 12.3, 12.4 என்று லேசாக மட்டும் இறங்கினால், கரண்ட் ஓடவில்லை, வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. 9.6-க்குக் கீழே விழுந்தால் ஒன்று பேட்டரிக்குத் தெம்பு இல்லை, இல்லாவிட்டால் மோட்டார் இறுகியோ ஷார்ட் ஆகியோ அளவுக்கு மீறி இழுக்கிறது. மோட்டார் சுற்றும்போது 10-க்கு மேல் நின்றால் பேட்டரிமேல் குறையில்லை.

இரண்டாவது அளவு பாசிட்டிவ் பக்கம். மீட்டரின் சிவப்பைப் பேட்டரியின் பாசிட்டிவ் காதிலும், கறுப்பை மோட்டாரில் ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும் வையுங்கள். அங்கே ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைப் பின்னுக்கு நகர்த்தினால் போல்ட் தெரியும். பட்டனை அழுத்துவதற்கு முன்பே 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும், பயப்பட வேண்டாம். ரிலே திறந்திருப்பதால் மோட்டாரின் வழியாக மீட்டருக்கு எர்த் கிடைக்கிறது, அவ்வளவுதான். பட்டனை அழுத்தியதும் அது 0.5-க்குக் கீழே விழ வேண்டும். மூன்று, ஆறு, பத்து என்று எங்கேயாவது நின்றால் கோளாறு இந்தப் பக்கம் உறுதி. எந்த இடம் என்று அறிய, ரிலேவின் இரண்டு பெரிய போல்ட்களுக்கு நடுவே மீட்டரை வைத்து மறுபடி அழுத்துங்கள். நல்ல ரிலேயில் 0.2, 0.3-க்கு மேல் வராது. இங்கே ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் நின்றாலே ரிலே போய்விட்டது. ரிலே சரி என்றால் ஒவ்வொரு இணைப்பாக, பேட்டரிக் காதிலிருந்து லக் (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்), லக்கிலிருந்து ரிலே போல்ட், ரிலே போல்ட்டிலிருந்து மோட்டார் போல்ட் என்று பாருங்கள். ஒரு இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

மூன்றாவது அளவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மீட்டரின் கறுப்பு பேட்டரியின் நெகட்டிவ் காதில், சிவப்பு மோட்டாரின் வெறும் உலோகத்தில், பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து. அழுத்தும்போது 0.3-க்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் ஒயர் என்ஜினிலோ சேஸிலோ மாட்டியிருக்கும் போல்ட்டுக்கு அடியில் துருவும் பெயின்ட்டும் சேர்ந்து இதைச் செய்யும். ஒயர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், லக் பிடித்திருக்கும் இடத்தில் மட்டும் செம்பு பச்சையாக அரித்திருக்கும்.

கடைசி அளவு மோட்டாரின் போல்ட்டுக்கும் மோட்டாரின் உடலுக்கும் நடுவே. பட்டனை அழுத்தும்போது இங்கே 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால், அப்போதுதான் மோட்டார்மேல் பழி போட வேண்டும். அந்த நேரத்தில் மோட்டாரின் உடலை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் லேசாகத் தட்டினால் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரை, அதாவது பிரஷ் உரசும் செம்புப் பட்டை வளையத்தை, சரியாகத் தொடவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். சுத்தியல் வேண்டாம், உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் உடையக்கூடியது, விரிசல் விட்டால் மோட்டாரே வீண்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவு: பேட்டரி புதிது, ஒற்றை ‘டக்’, நாலைந்து அழுத்தலில் ஒரு முறை பிடிக்கிறது. இது ரிலே கான்டாக்ட் கருகியதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தட்டு கொஞ்சம் இடம் மாறி உட்காரும், எப்போதாவது கருகாத இடம் போய்ப் பொருந்தும். ஆனால் தேய்ந்த பிரஷும் இதே போலத்தான் நடந்துகொள்ளும். கம்யூட்டேட்டர் எந்த இடத்தில் நின்றது என்பதைப் பொறுத்து ஒரு முறை பிடிக்கும், ஒரு முறை பிடிக்காது. சூடானதும் சரியாகிவிடுகிறது என்பதை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. என்ஜின் ஆயில் இளகி, திருப்புவதற்குக் குறைந்த பலம் போதும் என்பதால் எந்தக் கோளாறும் சூட்டில் கொஞ்சம் மறைந்துகொள்ளும். அளக்காமல் ரிலேயா பிரஷா என்று சொன்னால் அது ஊகம்தான். இரண்டில் ஒன்றை ஊகத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், மோட்டாரைவிட ரிலே மிக மலிவு, மாற்றுவதும் பத்து நிமிட வேலை.

ரிலேவின் இரண்டு போல்ட்டையும் ஸ்பேனரால் ஷார்ட் செய்து பார்ப்பது நம்மூரில் சகஜம். அதில் தெரியவேண்டியது தெரியும்தான். ஆனால் தீப்பொறி பறக்கும், போல்ட் மரை கருகும், சாவி இல்லாமலே என்ஜின் சுற்றும், கியரில் இருந்தால் வண்டி பாயும். மீட்டர் இருக்கும்போது இது தேவையே இல்லை.

இனி சுத்தம் செய்வது. எந்த வேலைக்கும் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் சேஸில் பட்டால் முழு பேட்டரியும் அந்த ஸ்பேனர் வழியாக ஷார்ட் ஆகும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து பழைய பல் பிரஷால் தேயுங்கள். நுரைக்கும்; நுரை நின்றால் அமிலம் தீர்ந்தது. மூடி உள்ள பழைய வகை பேட்டரியாக இருந்தால் இந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது, மூடியின் மேல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு சுத்தமான தண்ணீர், நன்றாகக் காயவைத்து, பேட்டரிக் காதையும் லக்கின் இரண்டு பக்கத்தையும் பித்தளைக் கம்பி பிரஷால் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். எர்த் போல்ட் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, லக் உட்காரும் வட்டம் முழுக்க வெறும் உலோகம் தெரிய வேண்டும். பல் வாஷர் இருந்தால் அதையும் போடுங்கள். இறுக்கிய பிறகு மேலே மெல்லிசாக வாசலின் பூசினால் ஈரம் ஏறாது. இறுக்குவதில் ஒரு எச்சரிக்கை: ரிலேவின் போல்ட் பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கிறது. பலம் போட்டு முறுக்கினால் போல்ட்டே திரும்பி உள்ளே இருக்கும் கான்டாக்ட் இடம் மாறிவிடும். லக் அசையாமல் பிடித்தால் போதும்.

ரிலேவைத் திறந்து கான்டாக்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்பீர்கள். பெரும்பாலான ரிலேக்கள் மடித்து மூடப்பட்டவை. திறந்தால் பழையபடி ஈரம் புகாமல் மூட முடியாது. கருகிய செம்பைத் தேய்த்தால் சில வாரம் ஓடும், பிறகு குழிவிழுந்த இடத்தில் இன்னும் வேகமாகக் கருகும். இதில் மோசமான நிலை ஒன்று இருக்கிறது: தட்டு உருகி ஒட்டிக்கொண்டால் பட்டனை விட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி நடந்தால் ரிலேவைத் தட்டிப் பாருங்கள், விடவில்லை என்றால் உடனே பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், ஒரு நிமிடம் தாமதித்தாலும் மோட்டார் எரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே ரிலேவைப் பழுதுபார்க்காமல் புதிதாக மாற்றுவதுதான் நல்லது. வாங்கும்போது கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்) இருக்கும் பின்களின் எண்ணிக்கையும் ஃபியூஸ் அதிலேயே இருக்கிறதா என்பதையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஹேண்டில்பார் சுவிட்ச் இன்று உங்கள் கோளாறுக்குக் காரணமில்லை என்றாலும் இத்தனை வருட வண்டியில் ஒரு முறை பார்ப்பது நல்லது. திருகாணிகளைக் கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கும் குண்டும் துள்ளி ஓடினால் தேடி மாளாது. கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, சாதாரண காகிதத்தைப் பட்டையாக வெட்டி இரண்டு கான்டாக்ட்களுக்கு நடுவே விட்டு இழுத்தால் கறுப்பு காகிதத்தில் வரும். அதற்கும் போகாத கருகலுக்கு மட்டும் 1000 நம்பர் உப்புத்தாள், ஒன்றிரண்டு இழுப்பு. முரட்டு எமரி போட்டால் மேற்பூச்சு போய், அடுத்த மழைக்கே பச்சை பூக்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் அது கான்டாக்ட்டைக் காக்கும் கிரீஸ் இல்லை. அடித்துவிட்டு அப்படியே மூடினால் அதில் தூசி ஒட்டும். கப்ளர்களில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அந்தப் பின் சூடாகியிருக்கிறது, அதாவது பிடிமானம் தளர்ந்திருக்கிறது. சுத்தம் செய்தால் மட்டும் போதாது, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பெண் முனையை லேசாக நெருக்கிவிட வேண்டும். மின்சாரம் கடத்தும் செம்பு கிரீஸ், கிராஃபைட் கிரீஸ் எதையும் கப்ளருக்குள் போடாதீர்கள், பக்கத்துப் பின்னுக்குக் கசியும்.

நம் பக்கத்தில் இந்தக் கான்டாக்ட்கள் சீக்கிரம் கெடுவதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீர் கடினமான தண்ணீர். அதில் ஃப்ளோரைடு இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கான்டாக்ட்டைப் பொறுத்தவரை ஃப்ளோரைடு மட்டும் என்றில்லை, கரைந்திருக்கும் எல்லா உப்பும் தொல்லைதான். வாட்டர் சர்வீஸில் அந்தத் தண்ணீரை அழுத்தத்தோடு சீட்டுக்கு அடியிலும் ஹேண்டில் சுவிட்சிலும் பீய்ச்சினால், தண்ணீர் காயும், உப்பு கப்ளருக்குள் தங்கும், அடுத்த ஈரத்துக்கு அரிப்பு ஆரம்பிக்கும். கிரானைட் குவாரி, கிரஷர் பக்கம் ஓடும் வண்டியில் தூசியும் சேர்ந்து சேறாகப் படியும். கழுவும்போது அந்த இரண்டு இடத்தையும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கழுவிய பிறகு செல்ஃபை உடனே அடிக்காமல் கிக்கரில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

அளந்து பார்த்து மோட்டார்தான் என்று உறுதியானாலும் முழு மோட்டாரை வாங்க வேண்டியதில்லை. பல மாடல்களுக்குக் கார்பன் பிரஷ் செட் தனியாகக் கிடைக்கும். முதலில் மோட்டார் மூக்கு என்ஜினில் நுழையும் இடத்தைச் சுற்றி மண்ணை நன்றாகத் துடையுங்கள், இல்லாவிட்டால் அது நேராக என்ஜினுக்குள் விழும். ஒயரையும் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றி, மோட்டாரை லேசாக ஆட்டி நேராக இழுங்கள். பிரிப்பதற்கு முன் நடு உடலுக்கும் இரண்டு மூடிக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மூடி திரும்பி உட்கார்ந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் அல்லது சுற்றவே சுற்றாது. இரண்டு நீள போல்ட்டையும் எடுத்து மூடிகளைக் கழற்றும்போது ஷாஃப்ட்டில் இருக்கும் மெல்லிய வாஷர்கள் எந்தப் பக்கம் எத்தனை, எந்த வரிசை என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கறுப்புத் தூள் நிறைந்திருக்கும். அது கார்பன், மின்சாரம் கடத்தும், படிந்து கிடந்தால் பாசிட்டிவ் பிரஷிலிருந்து உடலுக்குக் கசியும். உலர்ந்த பிரஷாலும் துணியாலும் எடுங்கள். பெட்ரோலிலோ டீசலிலோ ஊறவைக்காதீர்கள், காயில் மேல் இருக்கும் வார்னிஷ் இளகிவிடும்.

பிரஷ் புதிதில் ஏறக்குறைய 10 முதல் 12 மி.மீ. நீளம் இருக்கும். எவ்வளவு வரை தேயலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் அளவே கணக்கு. அது கிடைக்காவிட்டால் பாதியாகத் தேய்ந்ததை மாற்றிவிடுங்கள், திறந்த மோட்டாரை மறுபடி திறக்க வேண்டிவராது. ஸ்பிரிங் பிரஷைத் தெம்பாக அழுத்துகிறதா, பிரஷ் தன் கூட்டில் சிக்காமல் நழுவுகிறதா என்பதும் நீளம் அளவுக்கு முக்கியம். கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகள் ஒரே மாதிரி இளம் பழுப்பாக இருந்தால் அது நல்ல நிலை, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. கறுத்திருந்தால் துணியில் கான்டாக்ட் கிளீனர் நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் விஷயத்தில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை: சிலர் 600 நம்பர் தாளை அனுமதிக்கிறார்கள், சிலர் எந்தத் தாளும் கூடாது என்கிறார்கள். துடைத்தும் போகாத கறைக்கு மட்டும் 600 நம்பரைப் பட்டையாக வெட்டிச் சுற்றிப் பிடித்து ஒரே சீராக இழுத்து, பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் சேரும் தூளை மரக்குச்சியால் எடுப்பது பாதுகாப்பான நடுவழி. அந்தப் பள்ளமே இல்லாமல் செம்பும் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா என்ற மின்காப்பும் சமமாகிவிட்டால், பிரஷ் மைக்கா மேல் ஏறி நின்று செம்பைத் தொடாது; பள்ளத்தைச் சுரண்டி ஆழமாக்கும் வேலையை ரீவைண்டிங் கடையில் கொடுத்துவிடுங்கள். மீட்டரின் பீப்பில் பார்க்கும்போது பட்டைக்கும் பட்டைக்கும் பீப் வர வேண்டும், பட்டைக்கும் ஷாஃப்ட்டுக்கும் வரவே கூடாது. வந்தால், அல்லது இரண்டு பட்டைகள் மட்டும் தனியாகக் கருகியிருந்தால், ஆர்மேச்சர் (மோட்டாரின் சுற்றும் பகுதி) காயில் போய்விட்டது. அப்போது மெக்கானிக் சொன்னது சரி, முழு மோட்டாரை மாற்றுவதே மேல்.

உள்ளே ஆயில் தென்பட்டால் மூக்குப் பக்கம் ஆயில் சீல் கிழிந்திருக்கிறது. சீலை மாற்றாமல் பிரஷ் மட்டும் போட்டால் புதிய பிரஷும் ஆயிலில் ஊறி வீணாகும். மூடிகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் தட்டையாகியிருந்தால் அவற்றையும் மாற்றுங்கள், மழைத் தண்ணீர் புகும் வழி அதுதான். பூட்டிய பிறகு வண்டியில் மாட்டுவதற்கு முன் மோட்டாரை வைஸில் பிடித்துத் தடித்த ஒயரால் பேட்டரியில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கையில் பிடித்துச் சோதிக்காதீர்கள், திமிறிக்கொண்டு திரும்பும்.

புதிய பேட்டரி பற்றி இரண்டு வார்த்தை. அமிலம் ஊற்றி அப்போதே மாட்டிக் கொடுத்த பேட்டரி என்றால் அது முழு சார்ஜை எட்டாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்டில், அதாவது 9 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.9 ஆம்பியரில், ஒரு முறை முழுதாக சார்ஜ் போடுங்கள். கார், டிராக்டர் பேட்டரிக்கான பெரிய சார்ஜரில் மாட்ட வேண்டாம். தண்ணீர் விடும் வகையாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்ஓ தண்ணீர் அதற்குச் சமமில்லை. ‘செல்ஃப் அடித்தே பேட்டரி தீர்ந்துவிடும்’ என்ற பயத்துக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. 50 ஆம்பியரை மூன்று நொடி இழுத்தால் செலவாவது 0.04 ஆம்பியர்-மணி, ஒரு ஆம்பியர் சார்ஜ் ஏறினாலே மூன்று நிமிடத்தில் திரும்பக் கிடைத்துவிடும். கொஞ்சம் ரேஸ் கொடுத்து ஓடவிட்டுப் பேட்டரியில் அளந்தால் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13-ஐயே தாண்டவில்லை என்றால் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர் அல்லது அதைச் சீராக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் ரெக்டிஃபயர், 15-ஐத் தாண்டினால் ரெக்டிஃபயர். இந்த இரண்டு நிலையிலும் எந்தப் புது பேட்டரியும் நிலைக்காது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் குளிரில் நல்ல பேட்டரியும் கொஞ்சம் தெம்பு குறையும். அங்கே எடுக்கும் அளவு 0.2 வோல்ட் குறைந்தால் கலங்க வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டிகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் பம்ப்பும் பேட்டரியில்தான் ஓடுகிறது, அதனால் பேட்டரி முழுக்க இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்வது பல நேரம் பலிக்காது. வோல்ட்டேஜ் அளக்கும் முறை அவற்றுக்கும் இதேதான், சைடு ஸ்டாண்ட் சுவிட்சை மட்டும் கூடுதலாகப் பாருங்கள். சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் ஸ்கூட்டர்களில் தனி செல்ஃப் மோட்டாரும் பிரஷும் கிடையாது, சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரே மோட்டாராகவும் வேலை செய்கிறது. மேலே எழுதிய ரிலே, பிரஷ் வேலை எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

நாளைக் காலை முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இந்த நான்கு அளவையும் எடுத்து இங்கேயே எழுதுங்கள்: பட்டனை அழுத்தும்போது பேட்டரியில் எவ்வளவு, பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு, எர்த் பக்கம் எவ்வளவு, மோட்டார் முனையில் எவ்வளவு. ‘டக்’ மட்டும் கேட்ட முறைக்கும் மோட்டார் சுற்றிய முறைக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.